மூன்று முறை செத்த அசுரன்

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வேலை பார்க்கும் காளைக்கு, வருஷத்தில் ஒருநாள் திருவிழா நாடகத்தில் அசுரனாகிச் சாகிற யோகம். சாவதென்றால் இளப்பமா? மூன்று மாதமாகக் கொடிக்காலுக்குள் விழுந்து விழுந்து பழகியிருந்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம், இளவரசன் வேஷத்தில் நல்லகாமன் வெட்ட, மேடை அதிரச் செத்தான். விசில் பறந்தது. காளைக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அப்போதுதான் மைக்கில் குரல் வந்தது.

"அசுரனுக்கு அவரு மச்சினன் முத்துக்கருப்பன் துண்டு போடுறாரு."

மச்சினன் செய்கிற மரியாதையைப் படுத்துக்கொண்டா வாங்குவது? அப்புறம் பெண்டாட்டி அழகம்மாள் வீட்டுக்குள் விடுவாளா? காளை எழுந்து, கும்பிட்டு, துண்டை வாங்கினான். நல்லகாமன் மறுபடி வெட்டினான்; காளை மறுபடி செத்தான். கைதட்டல் இரண்டு மடங்கானது.

தம்பி துண்டு போட்டதைப் பார்த்துக்கொண்டு மூத்த மச்சினன் சும்மா இருப்பாரா? ஆளுயர மாலையோடு மேடையேறினார். எழுந்து மாலையை வாங்கிக்கொண்ட காளை, மூன்றாம் முறை முன்னைவிடப் பிரமாதமாகச் செத்தான்.

வெறுங்கழுத்தோடு நின்ற நல்லகாமனுக்குப் பொறுக்கவில்லை. அட்டைக்கத்தியைக் காளையின் கையில் திணித்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான்.

"எந்திரி மாப்ள. இப்ப நீ என்னைய வெட்டு. என் மச்சினனும் துண்டோடதான் உக்காந்திருக்கான்."