அம்மா அணைத்த சூடம்

என் பெரிய மாமாவுக்குப் போலீஸ் மேல் நம்பிக்கை கிடையாது. கோர்ட் மேலும் கிடையாது. தீராத வழக்கென்றால் ஆளைக் காரில் ஏற்றிக்கொண்டு அழகர்கோயிலுக்குப் போய்விடுவார், பதினெட்டாம்படிக் கருப்பனிடம். நான் மூன்றாவது படிக்கும்போது அவர் அப்படி ஏற்றிக்கொண்டு போனது சொந்தத் தங்கையை, அதாவது என் அம்மாவை. கூடவே என்னையும். எதற்கென்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

சித்தி வீட்டை விட்டுப் போயிருந்தாள். பையன் வேறு சாதி. மாமா கையில் கிடைத்தால் இரண்டு பேரையும் உயிரோடு விடமாட்டார் என்று எங்கள் ஆனையூர் வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். ஓடிப்போன இரண்டு பேரும் இருக்கும் இடம் அம்மாவுக்குத் தெரியும் என்று மாமாவுக்குச் சந்தேகம். எனக்குச் சந்தேகமே இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில், "கல்லுப்பட்டியிலயே இருங்க, வெளிய தலை காட்டாதீங்க" என்று அம்மா செல்போனில் சித்தியிடம் சொன்னதை நானே கேட்டிருந்தேன். நான் கேட்டதை அம்மாவும் பார்த்துவிட்டாள்.

கருப்பனுக்கு அங்கே சிலை கிடையாது. கோபுர வாசலில் பூட்டிக் கிடக்கும் பெரிய கதவுதான் சாமி. கதவு நிறையச் சந்தனம் அப்பி, மாலை போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஆளுயர அருவாள்கள். சிலையென்றால் கண் இருக்கும், எங்கே பார்க்கிறது என்று தெரியும். கதவு எங்கே பார்க்கிறதென்று யார் சொல்வது? நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது என்னையே பார்த்தது.

பூசாரி படியில் சூடம் ஏற்றினார். மாமா அம்மாவிடம் திரும்பினார். "புள்ள தலையில கை வச்சுச் சொல்லு. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டுச் சூடத்த அணை. நான் தேடுறத இன்னையோட விட்டுர்றேன்."

அம்மா என்னை வெடுக்கென்று பின்னால் தள்ளினாள். "என் மேல சத்தியம் பண்றேண்ணே. புள்ளைய இதுல இழுக்காதீக."

"பொய்யின்னா ஒரு மண்டலத்துக்குள்ள கருப்பன் கேட்டுருவான். தெரியும்ல?"

"தெரியும்ணே."

தேங்காய்க் கடையில் போய் நிற்கும்படி என்னை விரட்டினாள். நான் பாதி தூரம்தான் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல அம்மாவின் குரல் கேட்டது. "எந்தங்கச்சி இருக்குற எடம் எனக்குத் தெரியாது. இது சத்தியம்." உள்ளங்கையால் அடித்துச் சூடத்தை அணைத்தாள்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தது. மதில் மேல் தாவிக்கொண்டிருந்த குரங்குகள் அப்படியே நின்றன. மாமா பூசாரியைப் பார்த்தார்.

"காத்துண்ணே" என்றார் பூசாரி.

கதவில் போட்டிருந்த மாலையில் ஒரு பூகூட அசையவில்லை. அம்மா மட்டும் திடுக்கிடவே இல்லை. யாரோ சொன்னதற்குச் சரி என்பதைப் போலக் கதவைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள்.

மாமா சொன்ன சொல் மாறவில்லை. தேடப் போன ஆட்களை அங்கிருந்தே போன் போட்டுத் திரும்ப வரச் சொன்னார். எங்களுக்குக் கோயில் தோசையும் வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன். அம்மா தொடவில்லை.

அன்றிலிருந்து அம்மா என்னை அண்டவிடவில்லை. தினமும் ஸ்கூட்டியில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறவள், வேனுக்குச் சொல்லிவிட்டாள். கடைக்குப் போனாலும் சேர்ந்து ரோட்டைக் கடக்கமாட்டாள். என்னை அப்பாவிடம் படுக்கச் சொல்லிவிட்டு, அடுப்படியில் தனியாகப் படுத்தாள். கட்டிப்பிடிக்கப் போனால், "தள்ளிப் போ பாப்பா" என்று கத்துவாள். தெரு நாய் எங்கள் வாசலைப் பார்த்துக் குரைத்தால், அரிந்துகொண்டிருக்கும் காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். நானும் எட்டிப் பார்ப்பேன். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். நாய் குரைத்துக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பயத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது. போனில் பேசியதைக் கேட்டுவிட்டேன் என்பதால் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

ஒரு மண்டலம் கழிந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தியும் பத்திரமாக இருந்தாள். மறுநாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து, தூங்கிக்கொண்டிருந்த என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். மூச்சு முட்டும்படி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் கருப்பனை அம்மாவைவிட அதிகமாக நம்பியவர்கள் யாரும் இல்லை. கட்டாயம் வருவான் என்று தெரிந்தேதான் பொய் சொன்னாள். வரும்போது பக்கத்தில் நான் இருந்துவிடக் கூடாதென்றுதான் என்னைத் தள்ளித் தள்ளி விட்டாள். இதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்? ஒருவழியாக என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னேன்:

"இனிமே ஒட்டுக் கேக்க மாட்டேம்மா."