சிவப்பு வரியும் சந்தனப் பொட்டும்

காவல் வேலைகளிலேயே ஆளையும் பார்க்க முடியாமல், கதவையும் பார்க்க முடியாமல் காக்கிற வேலை எங்களுடையதுதான். வீட்டில் இன்டர்நெட் சரியில்லாத பிள்ளைகள் வந்து உட்கார்ந்து வெளியூர்க் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் வாடகை ஹால் ஒன்று நெய்வேலியில் இருக்கிறது. அதைத் திறந்து, பெருக்கி, இன்டர்நெட் வழியாக வேண்டாதவர் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் பெட்டியைக் கவனிப்பது என் பொறுப்பு. எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிகளும், வந்து போகிறவையும் கம்ப்யூட்டரில் வரி வரியாகத் தெரியும். பத்தாவது படிப்பு இதற்குப் போதும் என்றார் முதலாளி. திரையைப் பார்த்தே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டவர்களுக்கு மீதி சொல்லாமலே புரியும்.

சிவப்பு

விட்ட வரி பச்சை, தடுத்த வரி சிவப்பு. சேர்ந்த புதிதில் சிவப்பு விடாமல் கொட்டியது. என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வர நேரமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். இப்போது அவர்கள் ஆளுக்கொரு ஊரில், அந்த நடை மட்டும் என்னிடம். டீ ஆறிப்போனது. முருகா முருகா என்றபடி, கடலூரில் இருந்துகொண்டு விதிகளைப் போட்டுத் தரும் பிரபுவைக் கூப்பிட்டேன். "தம்பி, யார் யாரோ உள்ள வரப் பாக்கறாங்கப்பா!"

அவர் சிரித்தார். "சிவப்புன்னா வெளியில நிக்கறான்னு அர்த்தம்மா. அவன் நிக்கட்டும், நீங்க உக்காருங்க."

மேலே, கீழே

கலா குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வயல் கூலிக்குப் போன குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள். சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. எங்கள் ஹால் இன்டர்நெட் லைனைத் தவிர வேறெதிலிருந்தும் கம்பெனி அவளை உள்ளே சேர்க்காது. அவளுக்காகப் பிரபு ஒரு விதி போட்டும் வரி சிவப்பாகவே வந்தது. நான் அவள் நாற்காலிக்கும் என் திரைக்குமாக அலைந்தேன். விதிகளைப் பெட்டி மேலிருந்து கீழாகப் படிக்குமாம். 'எல்லாவற்றையும் தடு' என்பது மேலே. 'கலாவை விடு' என்பது அதற்குக் கீழே கிடந்தது. பிரபு அதை மேலே தூக்கிய பிறகுதான் பச்சை வந்தது.

கலா ஹெட்போனை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்கூர்லயும் அப்படித்தாம்மா. மேல இருக்கறவங்க பேசி முடிச்சப்பறம் எங்கள யாரு கேக்கறா?"

ஒருநாள் ஓய்வு

ஆயுத பூஜைக்கு இந்த ஊரில் ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். நானும் ஹாலில் எல்லாவற்றையும் துடைத்து, ஃபயர்வால் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அதுவும் ஒருநாள் ஓயட்டும் என்று சுவிட்சை அணைத்தேன். மறுநாள் காலை போட்டால் கலாவின் வரிகள் மட்டும் சிவப்பு. அவளுக்கான விதியையே காணோம். பத்து மணிக்கு, அவளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று கம்பெனி இந்த லைனில்தான் அவளோடு பேசப்போகிறது. எவனோ வெளியே நிற்கிறான் என்றால் நிற்கட்டும். நிற்பது இந்தப் பெண்ணாயிற்றே! பிரபு போனை எடுக்கவில்லை. கலா துப்பட்டா முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் முருகனைக் கூப்பிட்டேன், பிரபுவைக் கூப்பிட்டேன், மறுபடி முருகனை.

ஒருவழியாகப் பிரபு பஸ்ஸிலிருந்து பேசினார்; கலாவுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல விதியை அடித்து மேலே வைத்தேன். பச்சை! கலா பத்து மணிக்குள் கம்பெனி லைனுக்குள் போய்விட்டாள். "எப்படிப்பா காணாமப் போச்சு?"

"அந்த விதி கான்ட்ராக்ட் ஆளு மாதிரியே ஓடிக்கினு இருந்திருக்கும்மா. சேவ் பண்ணாதான் பெர்மனென்ட். நாந்தான் மறந்துட்டேன், பெட்டிய அணைச்சதும் போயிடுச்சு. இப்ப நீங்க சேவ் பண்ணிடுங்க."

எனக்கு அது எங்கே காதில் ஏறியது? கலா பேசி முடிக்கும் வரை பெட்டி முன்னால் கைகூப்பியபடியே நின்றேன். கடைசியில் ஹெட்போனைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"என்னை பெர்மனென்ட் பண்ணிட்டாங்கம்மா! நீங்க கும்புட்டது போதும், மொதல்ல அந்த விதியையும் பெர்மனென்ட் பண்ணுங்க."

இப்போதெல்லாம் சேவ் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் முருகனுக்கு விளக்கேற்றுகிறேன். அவர் கோபித்துக்கொண்டதாக இதுவரை ஒரு சிவப்பு வரியும் வரவில்லை.