இறங்கி வராத இருவரும் இடது சிக்னலும்

கழுத்தில் தொங்கிய அட்டையின்படி அவர் ‘வாடிக்கையாளர் நல்லுறவு அலுவலர்’. பட்டறையில் அவர் பெயர் ‘கரண்ட்டு’. கார்களின் மின்சார வேலையைப் பார்ப்பவர் என்பது ஒரு காரணம்; தொட்டால் அடிப்பார் என்பது முக்கியக் காரணம்.

அன்று கரண்ட்டின் தங்கை கணவர் தன் வாடகைக் காரோடு வந்தார். இருவருக்கும் மூன்று ஆண்டாகப் பேச்சில்லை. மதியத்துக்குள் தகுதிச் சோதனையில் தேறாவிட்டால் அந்தக் கார் ஓடக்கூடாது. அதன் இடது சிக்னலோ பேய் பிடித்ததுபோலத் துடித்துக்கொண்டிருந்தது.

“சிக்னலை மின்ன வைக்கிற ரிலே போயிடுச்சு. புதுசு வாங்கிட்டு வந்திருக்கேன். மாட்டினாப் போதும்,” என்றார் தங்கை கணவர், காரைப் பார்த்து.

“மாப்பிள்ளைக்கே எல்லாம் தெரியும்போது நான் எதுக்கு?” என்றார் கரண்ட்டு, பட்டறையின் வேலை மேடைமேல் உட்கார்ந்தபடியே. “பின்னாடி பல்பு எரியுதான்னு பாத்தீங்களா?”

“சீட்ல இருந்து எப்படித் தெரியும்?”

“இறங்கி வந்து பாக்கணும். ஆனா இறங்கி வர்ற பழக்கம்தான் உங்க வம்சத்துக்கே கிடையாதே!”

“மேடைமேல உக்காந்துக்கிட்டு இதைச் சொல்றீங்களே மச்சான், கூச்சமா இல்ல?”

பட்டறை முழுக்கச் சிரித்தது. கரண்ட்டு மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பல்பு அணைந்தால் மிச்சமுள்ளது வேகமாக மின்னும் என்பதை விளக்கவும் இல்லை. மேடையிலிருந்து இறங்கினார், ரிலேயைத் திருப்பிக் கொடுத்தார், பின்பக்க இடது பல்பை மாற்றினார்.