மாத லிஸ்ட் நின்றுபோன வருடம்

தொண்ணூறுகளின் பின்பாதியில், ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பொருளாதார மந்தம் எந்த மாதம் வந்தது என்று என்னால் ஓரளவு திட்டமாகச் சொல்ல முடியும். ஆகஸ்டில் வந்தது. பத்திரிகைகள் அதைப் பற்றி எழுத ஆரம்பித்தது கார்த்திகை மழைக்குப் பிறகுதான். எனக்கு முன்பே தெரிந்ததற்குக் காரணம் எதிர் வீட்டு மளிகைக் கடையில் தொங்கிய ஒரு வளைந்த கம்பி.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் மாத லிஸ்ட் கொடுக்கும். சம்பளம் வந்த முதல் வாரத்தில், துவரம்பருப்பிலிருந்து சோப்பு வரை ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரே தாளில் எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு வருவோம். கடைக்கார அம்மா தாள்களைத் தராசுக்குப் பக்கத்திலிருந்த கம்பியில் குத்தி வைத்து, வரிசைப்படி பொட்டலம் கட்டுவார். கம்பி நிறைந்தால் மாதம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய்வந்த அரசாங்க குமாஸ்தா. நாளுக்கு ஒரு வரி டைரி எழுதும் வழக்கம் உண்டு. மழை, ரயில் தாமதம், படித்து முடித்த புத்தகம், இப்படி ஏதாவது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் எழுதியிருக்கிறேன்: ‘கம்பியில் தாள் பாதிதான்.’ செப்டம்பரில் நாலைந்து. தீபாவளி சமயத்தில் என் வீட்டுத் தாளும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் தாளும் மட்டும்.

ஆனால் சாயங்காலத்தில் கடைமுன் நிற்க இடமிருக்காது. மாதத்துக்கு ஒருமுறை வந்தவர்கள் தினமும் வர ஆரம்பித்திருந்தார்கள். ஐம்பது கிராம் காப்பித்தூள், சின்ன பாட்டிலில் நூறு கிராம் எண்ணெய். ஷாம்பு பாட்டில்கள் இருந்த தட்டு காலியாகி, வாசலில் சாஷே பாக்கெட் சரங்கள் தோரணம் போலத் தொங்கின. ஒன்றைக் கிழித்து வாங்கி, இரண்டு பேர் தலைக்குக் குளித்தார்கள்.

கடைக்கார அம்மாவின் கணவர் குரோம்பேட்டை தாண்டி ஒரு லாரி உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினேழு வருடமாக மெஷினில் நின்றவர். முன்பு கம்பி நிறைந்து வழிந்த மாத முதல் வாரங்களில் அவர் எப்போதும் ஷிப்டில் இருப்பார். அந்த நெரிசலை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஐப்பசியில் தொழிற்சாலை வாரம் இரண்டு நாள் மூடிக் கிடக்கத் தொடங்கியது. அந்த நாள்களில் அவர் கடையில் நின்றார். மாலைக் கூட்டத்தை அப்போதுதான் பார்த்தார்.

“பாருங்க சார், இன்னா கூட்டம்!” என்றார் கார்த்திகைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. “பேப்பர்காரன் மந்தம் மந்தம்னு எழுதறான். இங்க வந்து நின்னுகினு எழுதச் சொல்லுங்க.”

அவர் மனைவி தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எல்லாம் நேத்து வந்த அதே மூஞ்சிங்கதான்.”

“அவ அப்டிதான் சார். கல்லாவுல நான் குந்திக்குவேன்னு பயம்.”

“அண்ணா, கூட்டத்த அப்பறம் பாருங்க,” என்றாள் பாட்டிலோடு நின்ற பெண். “அடுப்புல சட்டி காஞ்சிகினு கீது. எண்ணெய ஊத்துங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்கழி தொடக்கத்தில் தொழிற்சாலை கேண்டீனில் ஆட்களைக் கூட்டி, தானாக எழுதிக் கொடுத்து வேலையை விட்டால் மொத்தமாகப் பணம் தரும் விருப்ப ஓய்வுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு காலை கடைக்கார அம்மாவின் கணவர், விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி, கம்பெனி கொடுத்த மாதிரித் தாளும் இரண்டு வெள்ளைத் தாளுமாக என் வீட்டுக்கு வந்தார். வரும் பணத்தில் முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்துக் கடையைப் பெரிதாக்க வேண்டும், ஃபிரிட்ஜ் வைக்க வேண்டும் என்றார். பின்னாலேயே அவர் மனைவியும் வந்து வாசலில் நின்றார்.

“கம்பெனியே கை குடுக்குது சார். விட்டா கெடைக்காது.”

“கை குடுக்கறாங்களோ, கை கழுவறாங்களோ,” என்றார் அந்த அம்மா.

தொழிற்சாலை டோக்கன் நம்பர் எழுதிய அட்டையை மறந்துவிட்டதாகக் கணவர் எதிர் வீட்டுக்குத் திரும்பினார். அந்த இரண்டு நிமிடத்தில் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: “நீங்க சொன்னா கேப்பாரு சார். முன்ன ஒரு தபா வந்து வாங்கினவங்க இப்போ முப்பது தபா வராங்க. சரக்கு முன்ன போனதுல பாதிகூடப் போகல. இவரு தலைய எண்றாரு. வேலய வுட்டா அவ்ளோதான்.”

அந்த அம்மா சொன்னது அத்தனையும் என் டைரியில் மாதவாரியாக இருந்தது. எடுத்து ஒரு முறை காட்டியிருக்கலாம். கணவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும், “நல்லா யோசிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“யோசிச்சாச்சு சார். இத்தினி வருஷம் அவங்க மெஷின் முன்னாடி நின்னேன். இனிமே நம்ம வூட்ல நாம நிப்போம்.”

பேனாவைத் திறந்தேன். விண்ணப்பம் நன்றாக அமைய வேண்டும் என்ற அக்கறை அப்போது மேலோங்கிவிட்டது. அவர் கொண்டுவந்த மாதிரித் தாளில் இல்லாத ஒரு தொடரை நானாகச் சேர்த்தேன்: ‘எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழுக்க என் சொந்த விருப்பத்தின்பேரில்.’ கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, அதை என்னிடமே வைத்துக்கொண்டேன். படித்துக் காட்டியபோது, “சூப்பர் சார், ஆபீசர் எழுதின மாதிரியே கீது,” என்றார். அந்த அம்மா தெருவைக் கடந்து போய்விட்டார்.

பொங்கலுக்குப் பிறகு சுவரை இடித்தார்கள். ஃபிரிட்ஜும் வந்தது. கடைமுன் இன்னும் ஒரு விளக்கு போட்டார். அதே மாதம் அவரோடு வேலை பார்த்த ஒருவர் என்னைத் தேடி வந்து, “அவருக்கு எழுதின மாதிரியே எனக்கும் சார்,” என்றார். பிறகு இன்னொருவர். என்ன செய்யப் போகிறீர்கள் என்று இருவரிடமும் கேட்டேன். இருவருமே மளிகைக் கடை என்றார்கள். மார்ச்சுக்குள் ஒன்று தெருமுனையிலும், ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கு எதிரிலும் திறந்தாயிற்று. மாலையில் வந்துகொண்டிருந்த அதே முகங்கள் மூன்று வாசல்களுக்குப் பிரிந்தன. ஏப்ரலில் தொழிற்சாலை இரண்டாவது ஷிப்டை நிறுத்தியது. பள்ளித் தேர்வு முடிந்ததும் எங்கள் வரிசையில் மட்டும் நான்கு வீடுகள் காலியாயின. காலியான வீடுகளின் கேட்டில் ‘வாடகைக்கு’ அட்டைகள் கோடை முழுக்க வெளுத்துக்கொண்டிருந்தன.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது எதிர் வீட்டுக்காரர் என் கேட்டருகே நின்றிருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார்.

“ஃபேக்டரில கான்ட்ராக்ட்ல ஆள் எடுக்கறாங்களாம் சார். பழைய ஆளுங்க எழுதிக் குடுத்தா பாப்பாங்களாம். நம்ம இஷ்டப்பட்டுப் போகல, அவங்க சொல்லித்தான் போனோம்னு ஸ்ட்ராங்கா ஒண்ணு எழுதிக் குடுங்க.”

எதிர் வாசலில் அவர் மனைவி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். “மொத லெட்டர்ல இன்னா எழுதிக்கீதுன்னு சாரக் கேளு,” என்றார், குரலை உயர்த்தாமல்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உள்ளே போய்க் கார்பன் பிரதியை எடுத்துவந்து, நானாகச் சேர்த்த அந்த வரியைப் படித்தேன்.

“இன்னொரு தபா படிங்க சார்,” என்றார்.

படித்தேன்.