டாங்கியில் குந்துகிறவர்கள்

என் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்த காலையில், அவள் கிணற்றடியில் முதுகில் மாட்டிப் பயிருக்கு மருந்தடிக்கும் ஒரு டாங்கியின் மேல் குந்தி வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருந்தே படாத டாங்கி அது. அது அங்கே வந்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

வாங்குகிறவர் உடைப்பதற்கு முன் நாமே உடைத்துப் பார்ப்பதுதான் டெஸ்ட் என்ஜினியர் வேலை. நான் படித்து வந்தவனல்ல. சைக்கிள் கடையில் கை பழகியவன். தன்னாமுனைப் பக்கம் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் அந்தப் பெயரைத் தந்தார்கள். இதே தொழிலில் அகப்பட்டவர்களுக்குத் தெரியும், எது உடைந்தாலும் நம்மைத்தான் கேட்பார்கள்.

கோபக்காரன்

தண்ணீர் நிரப்பிய டாங்கியைத் தோளளவு உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போடுவது முதல் சோதனை. ஒருநாள் ஏறாவூர்க் கடைக்காரர் ஒருவர் டாங்கி வாங்க வந்திருந்தார். நான் வரிசையாக மூன்றைப் போட்டதும் அவர் மனேஜரின் பக்கம் குனிந்து, எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்தாளுக்கு லீவு குடுக்கல்லயா? இப்படிப் போட்டு உடைக்கிறாரே!"

கரடியனாற்று டாங்கி

புது மாதிரி டாங்கி எல்லாச் சோதனையிலும் தேறியது. பெரும்போக நெல் விதைப்புக்கு அனுப்ப அடுக்கி வைத்திருந்தோம். விவசாயிகளிடம் முன்கூட்டியே பாவித்துப் பார்க்கக் கொடுத்த பத்தில் ஒன்று கரடியனாற்றிலிருந்து திரும்பி வந்தது. அடியில் ஒழுகி, மருந்து விவசாயியின் முதுகில் இறங்கித் தோல் சிவந்துவிட்டதாம். நான் திரும்பவும் போட்டேன், வெயிலில் வைத்தேன், கை ஓயுமட்டும் பம்ப் அடித்தேன். ஒன்றும் ஒழுகவில்லை. "வெள்ளிக்கிழமை லொறி வருது. பிழையைக் காட்டினாத்தான் நிப்பாட்டுவன்" என்றார் மனேஜர்.

நேரே அந்த வயல் வட்டைக்குப் போனேன். முதுகில் எண்ணெய் பூசியிருந்த விவசாயி என்னை வரவேற்று, தன் மற்ற டாங்கியை வரம்பில் வைத்து அதன் மேல் குந்தி வெற்றிலை மடித்தார். பக்கத்து வயல்காரரும் அப்படித்தான். எப்போதும் இதில்தான் இருப்பீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏதோ புதினமாகப் பார்த்தார்: "வரம்பு ஈரம் ஐயா. பின்ன எதில குந்துற?"

வீட்டுச் சோதனை

அன்று பின்னேரமே ஒரு புது டாங்கியில் தண்ணீர் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் குந்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மனைவி சிரித்தாள். "உங்களிட்ட எலும்புதானே இருக்கு. எழும்புங்க, நான் பாக்கிறன்." அரிசி கொழிக்க, மீன் வெட்ட, தேங்காய் உரிக்க எல்லாம் அதிலேயே இருந்தாள். வியாழன் காலையில் அடிப்பொருத்து வெடித்துத் தண்ணீர் கசிந்தது.

மனேஜர் பார்த்தார்; லொறியை வேண்டாம் என்றார். அடியைத் தடிப்பாக்கி மறுபடி வார்த்தோம். அதில் முதலாவதை அவளிடம் கொடுத்தேன். சுற்றிவரப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதையும் உடைச்சித் தரட்டா?"

ஒரு பொருளை எதற்குச் செய்தோம் என்று நாம் எத்தனை தரம் எழுதி ஒட்டினாலும், வாங்கியவர் அதன் மேல்தான் குந்தி இருப்பார். அவள் கடைசிவரை குந்தியிருந்த அந்தத் தடித்த அடி டாங்கி கிணற்றடியில் அப்படியே இருக்கிறது, இன்னும் ஒழுகவில்லை.