சர்வருக்கு வைத்த சந்தனம்

ஊரப்பாக்கம் ரேணுகாவுக்கு எந்த வேலையையும் தள்ளிப்போடும் பழக்கம் கிடையாது, ஒன்றைத் தவிர. காசு கொடுத்து மென்பொருள் வாங்குவது என்றால் மட்டும் அவளுக்கு எப்போதும் "நாளைக்குப் பார்க்கலாம்"தான்.

ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியின் சர்வர்களை வருடக்கணக்கில் கட்டி மேய்த்தவள் அவள். அந்த வேலையை விட்டுவிட்டுப் படூரில் ஒரு மாடியைப் பிடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை மூட்டை கட்டிவைத்த பெண்களுக்குத் தன் தொழிலைச் சொல்லிக்கொடுக்கப் போவதாக அறிவித்ததும் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். விஜயதசமியன்று முதல் வகுப்பு.

ஒரு வீட்டைத் தடுத்து எட்டுப் போர்ஷனாக வாடகைக்கு விடுவதில்லையா? அப்படி ஒரே சர்வரை எட்டுக் கம்ப்யூட்டராகப் பிரித்துத் தரும் மென்பொருள் உண்டு. கொஞ்ச நாள் காசில்லாமல் ஓடும் அதன் ட்ரையலை இறக்கி, எட்டுப் போர்ஷனையும் ரேணுகா அழகாகக் கட்டி முடித்தாள். ட்ரையல் ஆவணியிலேயே காலாவதியாகிவிட்டது. ஆனாலும் ஓடிக்கொண்டிருப்பது பாட்டுக்கு ஓடும்; அணைத்தால்தான் மறுபடி கிளம்பாது. பூஜை கழியட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று "அணைக்காதே" எனத் தாளில் எழுதி சர்வர் மேல் ஒட்டியதோடு விட்டுவிட்டாள்.

அவள் கணவன் வெங்கடேசன், முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். ஆயுத பூஜை வந்தால் அந்த வேனுக்கு நடக்கிற உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. இந்த வருடம் ரேணுகா வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு படூருக்குப் போய் வந்தான்.

விஜயதசமி காலையில் வெங்கடேசன் பின்னால் வர, ரேணுகா மாடிக் கதவைத் திறந்தாள். சாம்பிராணி வாசனை வந்தது. சர்வர் கழுத்தளவு சாமந்தி மாலையோடு, சந்தனமும் குங்குமமுமாக, சத்தமே இல்லாமல் நின்றது. "அணைக்காதே" தாளையும் அவன் விடவில்லை. உரித்து, அடியில் துடைத்து, முன்பைவிட நேராக ஒட்டி, அதன் நடுவிலும் ஒரு பொட்டு வைத்திருந்தான்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற?"

"வண்டிக்கே ஒரு நாள் ரெஸ்ட் குடுக்கறோம். இது ராவும் பகலும் கத்திகினே கீது, பாவம்" என்றான் வெங்கடேசன்.

"அணைக்காதன்னு எழுதி வெச்சேனே!"

"அது மத்த நாளுக்குன்னு நெனச்சேன். பூஜை அன்னிக்கி எவனாச்சும் இன்ஜினை ஓடவுட்டுகினே பொட்டு வெப்பானா?"

நியாயமான கேள்வி. ரேணுகாவுக்கு அழுகைதான் வந்தது. சர்வரைப் போட்டாள். அது கிளம்பியது, போர்ஷன் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. உரிமம் முடிந்தது என்று சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. மென்பொருள் விற்பவருக்குப் போன் அடித்துப் பார்த்தாள். பண்டிகை நாளில் யார் எடுப்பார்கள்?

அதற்குள் பூவும் பழமுமாக எட்டுப் பேரும் மாடியேறி வந்துவிட்டார்கள். ரேணுகா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

முட்டுக்காட்டிலிருந்து வந்த துர்காதேவிக்கு முகம் தொங்கிவிட்டது. "ராகுகாலத்துக்கு முன்ன தொடங்கிடணும்க்கா. நல்ல நாளுன்னு மாமியாரு அனுப்புனதே பெருசு. தொடங்காம திரும்பிப் போனா சகுனம் சரியில்லன்னு அப்பறம் வுடவே மாட்டாங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். இன்று திரும்பிப் போகிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று ரேணுகாவுக்குப் புரிந்தது.

"கம்ப்யூட்டர்ல தேதிய பின்னாடி தள்ளிவெச்சா அது ஏமாந்துடாதாக்கா?" என்று கேட்டாள் ஷாரோன், படூர்ப் பெண்.

"மொத பாடமே திருட்டுப் பாடமா?" என்று ரேணுகா கேட்கவும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கும் தைரியம் வந்தது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் மென்பொருளும் இருக்கிறதே! அதை இறக்கி, அலமாரியிலிருந்த வேறொரு டிஸ்கை மாட்டி, அதில் ஏற்றினால் போதும்.

"நான் கட்டி வெச்ச வூட்ட மறந்துடுங்க. உங்க வூட்ட நீங்களே கட்டப்போறீங்க" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

பிறகு அந்த மாடியில் ஒரே அமளி. ஒருத்தி மாலையைக் கழற்ற, ஒருத்தி திருப்புளி நீட்ட, ஷாரோன் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிக்க, ரேணுகா சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியும் தன் போர்ஷனைக் கட்டினாள். பெயர் வைப்பதற்குத்தான் அதிக நேரமானது. துர்காதேவி தன்னுடையதற்கு மகள் பெயரை வைத்தாள். ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. "தொடங்கிட்டோம் அத்தே!" என்று அவள் போனில் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

வெங்கடேசன் மட்டும் இனிப்புப் பெட்டியோடு வாசற்படியிலேயே நின்றிருந்தான்.

"உள்ள வா. அணைச்ச கைதான் ஏத்தணும்" என்றாள் ரேணுகா.

"எனக்கு இன்னா தெரியும் ரேணு?"

"தெரியாதவங்களுக்குத்தான் இன்னிக்கி நாளே."

அரிசியில் எழுதக் குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து மவுஸின் மேல் வைத்து அழுத்தினாள். துர்காதேவியின் திரை வெளிச்சமாக எழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள். வெங்கடேசன் தன் விரலையே பார்த்தான்.

"இன்னொரு தபா அமுக்கட்டா?"

"மத்ததெல்லாம் அவங்கவங்க வூடு, அவங்கதான் ஏத்துவாங்க. உனக்கு வேணும்னா ஒம்போதாவதா ஒண்ணு கட்டிக்கோ."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவனோ இனிப்புப் பெட்டியை ஷாரோன் கையில் கொடுத்துவிட்டு, கடைசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.