ரேடியோவுக்கு ஒரு ஃபைல்

ஒன்பது ரசீதுகளைக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து அடுக்கிய பிறகு, மூடியை இறக்கும் வரை ஸ்டானிஸ்லாஸ் மூச்சு விடுவதில்லை. விட்டால் தண்ணீர் ரசீது நகர்ந்து மண்ணெண்ணெய் ரசீதின் மேல் ஏறிவிடும். மூடி இறங்குகிறது. பச்சை வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் வருகிறது. சூடான தாள் ஒன்று வெளியே வந்து விழுகிறது. அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, சன்னல் பக்கம் கொண்டுபோய், ஒன்பதும் இருக்கின்றனவா என்று எண்ணுகிறார். அதன் பிறகுதான் மூச்சு.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் பின்னறை அது. சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. ஸ்டானிஸ்லாஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஆபீஸ் பாய். 1979-இல் போட்டோஸ்டாட் இயந்திரம் வந்து இறங்கியபோது மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிட்டப் போனார். சனிக்கிழமைகளில் வேலை முடிந்த பிறகு சொந்தக் காகிதங்களைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், தாள் மட்டும் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் அனுமதித்திருக்கிறார். தாள் வாங்கியதற்கும் ரசீது உண்டு. அது அடுத்த வாரத்து ஒன்பதில் ஒன்று.

“ஒரிஜினல் கரையானுக்கு, காப்பி நமக்கு” என்பது அவர் கொள்கை. ஒரிஜினல்கள் பிஸ்கட் டின்னில், பிரதிகள் ஃபைலில், இரண்டும் எங்கே இருக்கின்றன என்ற விவரம் ஒரு பள்ளிக்கூட நோட்டில். குண்டூசி போட மாட்டார், துருப்பிடிக்கும். மழையில் நனைந்த ரசீதை இஸ்திரி போட்டு நிமிர்த்துவார்.

ஈப்போவை அடுத்த லகாட்டில், பழைய ஈயச் சுரங்கக் குட்டையை ஒட்டிய பலகை வீடு. மனைவி குழந்தையம்மாளின் சேலைகளுக்கென்று வாங்கிய அலமாரியில் நாற்பத்தொரு ஃபைல்கள் நிற்கின்றன. சேலைகள் கட்டிலுக்குக் கீழே, டிரங்குப் பெட்டியில். வீட்டில் உள்ள பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல்: மின்விசிறி, தையல் மிஷின், சைக்கிள். நாய்க்கும் ஒன்று இருக்கிறது. எட்டு வருடத்து நாய் லைசென்சும் அதில் வரிசையாக இருக்கும். நாய் 1975-இல் செத்துவிட்டது.

“செத்ததுக்கு அத்தாட்சி இல்ல. அதான் குளோஸ் பண்ணல” என்கிறார்.

கடைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். பத்து காசு உப்புக்கும் அவர் கேட்பதற்கு முன்னாலேயே ரசீது எழுதி வைத்துவிடுவார்கள். மீன்காரன் மட்டும் எழுத மாட்டான். அவனுக்கு எழுத நேரமில்லை, கையும் ஈரம். இதனால் வீட்டில் பல ஆண்டுகளாக மீனுக்கு ஃபைல் இல்லை. சண்டை உண்டு.

இருபத்தேழாம் எண் ஃபைலின் முதுகில் ‘குழந்தையம்மாள், குடியுரிமை’ என்று எழுதியிருக்கிறது. 1966-இல், அவர்கள் இருந்த சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டு அவர்கள் லகாட்டுக்குக் குடிவந்த வருடத்தில் திறந்த ஃபைல். அழகான கையெழுத்து. உள்ளே ஒன்றும் இல்லை. குழந்தையம்மாள் இரண்டு வயதில் தாயின் இடுப்பில் கப்பலேறி வந்தவர். அதனால் அவருடையது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. விண்ணப்பம் போட்டுவிடலாமே என்று யாராவது கேட்டால், “போடலாம் லா. எல்லா பேப்பரும் சேரட்டும், ஒரேயடியா போடணும்” என்பார் ஸ்டானிஸ்லாஸ். காகிதங்கள் பதினெட்டு வருடம் சேர்ந்தன. அந்த ஃபைலில் மட்டும் சேரவில்லை.

1984 மார்ச்சில் குழந்தையம்மாளே அதைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் தினக்கூலிக்குக் கூட்டிப் பெருக்குகிறார். ஓர் இடம் நிரந்தரமாகிறது. அதற்குக் குடிமக்களின் நீல அட்டை வேண்டும். விண்ணப்பம் போட்டதற்கான ரசீதையாவது மாதம் முடிவதற்குள் காட்டு, இல்லையென்றால் அடுத்தவளுக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அடுத்தவளுக்கு முப்பது வயது. நீல அட்டை.

“ரசீதுதானே” என்றார் ஸ்டானிஸ்லாஸ். அந்த வாரம் அவர் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

பதிவு அலுவலகத்துக்கு நான்கு ஃபைல்களைச் சுமந்துகொண்டு போனார்கள். அதிகாரி பொறுமையானவர். விளக்குக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், ரேடியோ லைசென்ஸ், சைக்கிள் வரி எல்லாவற்றையும் புரட்டினார். இவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பவரை இதுவரை பார்த்ததில்லை என்றார். ஸ்டானிஸ்லாஸ் மனைவியைப் பார்த்தார். பிறகு அதிகாரி கேட்டார்: இதெல்லாம் உங்கள் பெயரில் அல்லவா இருக்கிறது? கல்யாணப் பத்திரத்தின்படி இந்த அம்மா 1958-இல் இங்கே இருக்கிறார். கடைசி மகளின் பிறப்புப் பத்திரத்தில் 1964-இல் இருக்கிறார். அப்புறம் 1978-இல் ஆஸ்பத்திரி அட்டையில் வருகிறார். நடுவில் எங்கே? இந்தியாவுக்குப் போய்விட்டாரா?

“வூட்லதான் இருந்தா” என்று தமிழில் சொல்லிவிட்டு, மலாயில் திருப்பிச் சொன்னார் ஸ்டானிஸ்லாஸ்.

நடுவில் உள்ள வருடங்களில் ஒரே ஒரு தாள் போதும் என்றார் அதிகாரி. அம்மாவின் பெயர், தேதி, ஏதாவது ஓர் அலுவலகத்தின் முத்திரை. பிரதி ஒன்று, ஒப்பிட்டுச் சரிபார்க்க ஒரிஜினல்.

அப்படி ஒரு தாள் எந்த ஃபைலில் இருக்கிறது என்பது அந்த நாற்காலியில் இருக்கும்போதே ஸ்டானிஸ்லாஸுக்கு நினைவு வந்துவிட்டது. அவர் ஃபைல்களை மூடி அடுக்கத் தொடங்கினார்.

அடுத்த பத்து நாட்களும் அவர் வேறு தாள் தேடினார். சுங்காய்க்குப் பேருந்தேறிப் போனார். தோட்டத்து ஆபீஸ் இருந்த இடத்தில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். தொழிலாளர் பேர் எழுதும் செக்ரோல் புத்தகங்களைத் தோட்டம் கைமாறிய அன்றே கொளுத்திவிட்டதாக, அங்கே கணக்கெழுதிய பழைய கிராணி சொன்னார். மாதா கோவிலில் பங்குக் குடும்பங்களின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். ‘ஸ்டானிஸ்லாஸ், மனைவி, பிள்ளைகள் மூவர்’ என்றிருந்தது. மனைவிக்குப் பெயர் போட அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

“கெடச்சிச்சா?” என்று ஒவ்வொரு நாளும் குழந்தையம்மாள் கேட்டார்.

“தேடுறேன்.”

“நாப்பத்தொரு ஃபைலு.”

“அதுல எல்லாம் வூட்டு சாமானு.”

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில் வந்த சனிக்கிழமையன்று அவர் ரசீதுகளைக் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு தாளைக் கண்ணாடியில் வைத்து, மூடி, எடுத்து, பார்த்து, மறுபடி வைத்தார். ஐந்து பிரதிகள் வீணாயின. இயந்திரம் வந்த நாளிலிருந்து நடக்காதது. ஆறாவது சரியாக வந்தது. அதை உறையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் கை கழுவப் போனார். ஒரிஜினலைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டார்.

பூட்டுவதற்குக் காத்திருந்த டைப்பிஸ்ட் எல்ஸி, மூடியைத் திறந்து அதை எடுத்தாள். ஸ்டேஷனில் முத்திரை குத்திக் கொடுத்த போலீஸ் ரிப்போர்ட். 1972. ஆங்கிலத்தில் டைப் செய்தது. நடுவில் நான்கு வரிகளின் மேல் வெள்ளைத் தாள் பட்டை ஒன்று லேசாக ஒட்டப்பட்டிருந்தது. எல்ஸி அதைப் பிரித்துப் படித்தாள்.

‘என் வீட்டிலிருந்து காணாமற்போனவை: மூன்று அலைவரிசை ரேடியோ ஒன்று, ரசீது எண் 4471, கறுப்புக் குடை ஒன்று. மேற்படி பொருள்களுடன் என் மனைவி குழந்தையம்மாள், வயது 36, வீட்டை விட்டுப் போய்விட்டார். கண்டுபிடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ பட்டை மறைக்காத கீழ்ப்பகுதியில் மறுபடியும் குழந்தையம்மாளின் பெயர், அடையாள அட்டை எண், விலாசம், முத்திரை.

“ஸ்டானி அண்ணே, அக்கா ஓடிப் போனாங்களா?”

“ஓடியெல்லாம் போகல. அவ அண்ணன் ஆம்புரோஸ் வூட்டுக்குப் போனா. ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ல. குடு அத.”

“எதுக்குப் போனாங்க?”

“மீனுக்கு ரசீது கேட்டேன்.”

எல்ஸி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அங்கதான் இருக்காங்கன்னு அப்ப உங்களுக்குத் தெரியாதா?”

“அன்னைக்கு சாயங்காலமே பக்கத்து வூட்ல சொல்லிட்டாங்க. ஆம்புரோஸ் ஐஸ் ஃபேக்டரியில வேல செய்றான், வேற எங்க போவா. மூணாம் நாளு போயி எழுதுனேன். எதுக்கும் ஒரு ரெக்கார்டு இருக்கட்டும்னு.”

“இத ஏன் மறைச்சீங்க?”

“மானம் போயிரும் லா. அவளுக்குத் தெரியாது, நான் ரிப்போர்ட் பண்ணது.”

“நாய்க்கு எட்டு வருசத்துக்குப் பேப்பர் வச்சிருக்கீங்க. அக்காவுக்கு இந்த ஒன்னுதான். அதையும் பட்டை போட்டு ஒட்டுறீங்க.” எல்ஸி தாளை நீட்டினாள். “ஒரிஜினலும் கேப்பாங்கண்ணே. மறைச்ச காப்பிய நீட்டுனா, லோயர் ஆபீஸ்ல இருந்துக்கிட்டு இப்படியான்னு உங்களத்தான் புடிச்சி உள்ள போடுவாங்க.”

ஸ்டானிஸ்லாஸ் ஏழாவது பிரதியை எடுத்தார். பட்டை இல்லாமல்.

1972-இல் குழந்தையம்மாள் போன ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். ரேடியோவும் வந்தது, கூடவே ஒரு பை கருவாடும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ரிப்போர்ட்டை ஸ்டானிஸ்லாஸ் திரும்பப் பெறவும் இல்லை. போலீஸ் பதிவில் குழந்தையம்மாள் இன்னும் வீடு திரும்பவில்லை. தன் பிரதியை ஸ்டானிஸ்லாஸ் ரேடியோவின் ஃபைலில், வாங்கிய ரசீதுக்கும் லைசென்சுக்கும் நடுவில் சேர்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகு, குழந்தையம்மாள் அடுக்களை வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். ஸ்டானிஸ்லாஸ் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு பேப்பரு இருக்கு.”

“எங்க இருந்துச்சு?”

“ரேடியோ ஃபைல்ல.”

“என் பேருல உள்ளதா?”

“ஒன் பேரு இருக்கு. எழுவத்திரெண்டுல ஒங்கண்ணன் வூட்டுக்குப் போனேயில்ல, அப்ப ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தது.”

குழந்தையம்மாள் கையிலிருந்த நெத்திலியை முறத்தில் போட்டார். “வாசிங்க.”

ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தார். சில சொற்களை மெதுவாகவும் சில சொற்களை வேகமாகவும் வாசித்தார். எல்லாவற்றையும் வாசித்தார்.

“ரேடியோவ மொதல்ல போட்டிருக்கீங்க.”

“அதுக்கு ரசீது நம்பர் இருந்துச்சு. அதான் மொதல்ல.”

“கொடைய நான் எடுத்துட்டுப் போகல. அன்னைக்கு நனஞ்சிக்கிட்டேதான் பஸ்ஸுக்கு நடந்தேன்.”

ஸ்டானிஸ்லாஸ் தாளைப் பார்த்தார். முகத்தில் உண்மையான கவலை. “அப்ப கொட எங்க போச்சு?”

“எனக்கென்ன தெரியும்? நாந்தான் காணாம போயிட்டேனே.”

முறத்தில் பாதி மிச்சமிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எம் பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொருவாட்டி வாசிங்க” என்றார் குழந்தையம்மாள்.

வாசித்தார். வயதையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார். வாசித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் இருந்தார்கள். எண் முப்பத்தொன்று. ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி. ரிப்போர்ட்டை முழுவதும் படித்தார். பிரதியோடு ஒப்பிட்டார். ஸ்டானிஸ்லாஸை ஒரு முறையும் குழந்தையம்மாளை ஒரு முறையும் பார்த்தார். ரேடியோ இன்னும் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். கெட்டுப்போய்விட்டது என்று குழந்தையம்மாள் மலாயிலேயே பதில் சொன்னார். அதிகாரி முத்திரை குத்தினார். குழந்தையம்மாள் கட்டைவிரல் ரேகை வைத்தார். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். குழந்தையம்மாளின் பெயரில் இருந்தது. அவரே வாங்கிக்கொண்டார்.

பத்தேகாலுக்குப் பேருந்து கிடைத்தது. இருவருக்கும் உட்கார இடம் இருந்தது. குழந்தையம்மாள் ரசீதை நான்காக மடித்தார்.

“மடிக்காத லா. மடிப்புல கிழியும். இங்க குடு, ஃபைல்ல வச்சிடறேன்.”

குழந்தையம்மாள் அதை மணிபர்சில் வைத்து, பர்சை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்டானிஸ்லாஸ் கையை நீட்டியபடியே இருந்தார். பள்ளிக்கூட நிறுத்தம் வந்தது. குழந்தையம்மாள் எழுந்து, நீட்டியிருந்த கையில் தன் பேருந்து டிக்கெட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.